பெரிய வியாழக்கிழமைக்குப் பழக்கிய கால்

ரெமிஜியஸுக்கு உட்கார்ந்தால் ஆகாது, நின்றால் ஆகாது, படுத்தால் சுத்தமாக ஆகாது. இப்படிப்பட்ட மனிதருக்குத் துணிக்கடையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கால் கெடுவதற்கு முன்னால் பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட் சந்தானம் முதலியார் கடையில் அவரைப்போல உட்கார ஆள் கிடையாது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் காலையில் சம்மணம் போட்டாரானால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அந்த மனிதர் இப்போது ஒரு புடவையை விரித்துக் காட்டி முடிப்பதற்குள் எழுந்து வாசல்வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடியும் எழுந்துகொண்டிருந்தார். "யோவ், ஒரு எடத்துல இருய்யா. பாக்கறவங்களுக்கு பேஜாரா இருக்கு" என்பார் முதலியார். கோபமாகச் சொல்லமாட்டார். ஆனால் தினமும் சொல்வார்.

எல்லாம் ஒரு துணி பேலால், இறுக்கிக் கட்டிய பெரிய மூட்டையால் வந்த வினை. போன மழைக்காலத்தில் மாட்டுவண்டியிலிருந்து இறக்கும்போது கயிறு அறுந்து, பேல் அப்படியே ரெமிஜியஸின் வலது பாதத்தில் உட்கார்ந்தது. கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது என்றார்கள். எலும்பு பாட்டுக்குக் கூடியது, வலி பாட்டுக்குத் தங்கிவிட்டது. போகிற போக்கில் ஒட்டிக்கொண்ட உறவுக்காரன் மாதிரி, கிளம்பு என்றால் கிளம்பவில்லை.

வலி என்றால் குத்தல் குடைச்சல் இல்லை. எரிச்சல். அடுப்புக் கங்கை எடுத்துப் பாதத்தில் வைத்து யாரோ மெதுவாக ஊதுகிற எரிச்சல். காலையில் எழுந்தால் கால் ஓரளவு கால் மாதிரி இருக்கும். கடைக்குப் போய்த் தொங்கப்போட்டு உட்கார ஆரம்பித்தால் போதும், உப்பத் தொடங்கும். மத்தியானத்துக்குள் தோல் சிவந்து பளபளக்கும். சாயங்காலம் கணுக்கால் எங்கே என்று தேடவேண்டும். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கும். ராத்திரி போர்வை நுனி பட்டால்கூட உயிர் போகும். அதைவிடக் கொடுமை காற்று. பெங்களூர்க் காற்றுக்காகவே பென்ஷன் வாங்கினவர்கள் எல்லாம் எங்கிருந்தோ இந்த ஊருக்கு வந்து குடியேறுகிறார்கள். ரெமிஜியஸோ பிளாக்பள்ளியில் தன் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்து வைத்திருந்தார்.

டாக்டர் சுந்தரராமன் நல்லவர். காலைப் பிடித்துப் பார்க்கப் போனவர், ரெமிஜியஸ் துள்ளியதும் கையை எடுத்துக்கொண்டார். "எலும்புல ஒண்ணும் இல்ல. இது நரம்பு. அடி பட்டு முடிஞ்சு போச்சு, உங்க நரம்பு மட்டும் இன்னும் அடி விழுதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. அதனாலதான் வீக்கம். உக்காந்தா காலைத் தூக்கி வைங்க. இறுக்கிக் கட்டாதீங்க. பொத்திப் பொத்தியும் வைக்காதீங்க, நடங்க" என்றார். சரியாகுமா என்று கேட்டதற்கு, "கொறையும். காலத்துக்குத்தான் தெரியும்" என்றார். அந்த நேர்மைக்காக ரெமிஜியஸ் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ஊர் வாய் டாக்டர் சொன்னதைக் கேட்குமா? நரம்பு வலிக்குக் கால் வீங்குமாம், யாரிடம் கதை விடுகிறாய் என்றது. வீங்கின கால் என்றால் ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். யானைக்கால்.

ஊர் என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். விடமுடியாதபடி வீட்டில் அல்போன்சா இருந்தாள். ஒரே மகள். தொம்மலூர் பெர்னார்டுக்கு அவளைப் பேசியிருந்தது. தபால் ஆபீஸில் வேலை, அமைதியான பையன். பாட்டுக் குழுவில் இரண்டு பேரும் சேர்ந்து பாடியதில் அவர்களுக்குள்ளேயே முதலில் முடிவாகி, பிறகு பெரியவர்களுக்குத் தெரிந்த சம்பந்தம் அது. நாற்பது நாள் தவசு காலம் கழிந்து, ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பதாக ஏற்பாடு.

பெர்னார்டின் அம்மா ஜெசிந்தாவுக்குக் கடலூர்ப் பக்கம். விதவை. பட்டதைப் பட்டென்று பேசுகிறவள். அவளுடைய அப்பா யானைக்கால் வந்து, கடைசிக் காலத்தில் வீட்டை விட்டே வெளியே வராமல் செத்தவர். அந்த வீட்டுப் பெண் என்று அவளுக்குக் கல்யாணம் தட்டிப்போய்த் தட்டிப்போய்த் தாமதமாகத்தான் நடந்தது. தான் பட்டது தன் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அவள் நினைத்ததில் தப்புச் சொல்ல நமக்கு வாய் இல்லை. சேதி காதில் விழுந்ததும் ரெமிஜியஸ் வீட்டுக்கே வந்து கேட்டாள். அவர் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு, "நரம்பு வலிம்மா. வேற ஒண்ணுமில்ல" என்றார். அவள் வேட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

இந்த லட்சணத்தில் பிரிஜெட் ஒரு காரியம் செய்தாள். பிரிஜெட் என்றால் ரெமிஜியஸின் மனைவி. பாஸ்குவுக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை கோயிலில் பன்னிரண்டு ஆண்களை அப்போஸ்தலர்களாக உட்காரவைத்து, சாமியார் மண்டியிட்டு அவர்கள் பாதத்தைக் கழுவுவார் அல்லவா? புருஷனுக்குக் கால் குணமானால் அவரை அந்தப் பன்னிரண்டு பேரில் உட்கார்த்துகிறேன் என்று ஆரோக்கிய மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். நேர்ந்துகொண்டவள் குணமாகும்வரை பொறுத்திருக்க வேண்டாமா? காத்திருந்தால் அது சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும், விசுவாசம் என்றால் முதலிலேயே பெயரைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் கணக்கு. தவசு காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசையில் பெயர்களை வாசித்தபோது, "கமர்ஷியல் ஸ்ட்ரீட் ரெமிஜியஸ்" என்று கேட்டதும், தூணோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்த ரெமிஜியஸ் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். பெண்கள் உட்காரும் பக்கத்தில் ஜெசிந்தா தலையைத் திருப்பி அவர் காலைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். "உனக்கு மூளை இருக்கா? ஊர் பாக்க காலை நீட்டணும். தண்ணி ஊத்துவாரு, துண்டால துடைப்பாரு, குனிஞ்சு பாதத்துல வாயை வச்சு முத்தி செய்வாரு. போர்வை பட்டாலே எனக்கு உசிரு போவுது."

"சாமிகிட்ட சொல்லி பேரை எடுத்துடலாங்க."

"எடுத்தா? யானைக்கால்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். அந்தம்மா அப்பவே எழுந்து போயிடும்."

"அப்போ எடது காலை நீட்டிடுங்க."

"காலங்காலமா வலது கால்தான். பதினொரு பேரு வலது கால், நான் மட்டும் எடது காலா? அதுக்கு யானைக்கால்னு கழுத்துல எழுதி மாட்டிக்கிட்டே போலாம்."

பிரிஜெட் அழுதாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனாலும் ரெமிஜியஸுக்குக் கோபம் ஆறவில்லை. அல்போன்சா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அப்பாவின் கால் பக்கத்தில், காலைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்து, "அப்பா, எனக்காக நீங்க இவ்வளவு கஷ்டப்பட வேணாம். ஆனா எனக்கு பெர்னார்ட் வேணும்" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். ரெமிஜியஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கடையில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து கொண்டிருந்தவருக்குக் கையிலிருந்த துணியில்தான் வழி தெரிந்தது. மல் துணி. விரலுக்கே பட்டும் படாமலும் இருக்கும். ஒரு துண்டுத் துணியை முதலியாரிடம் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பாதத்தில் போட்டார். போட்டதும் எடுத்தார். மறுபடி போட்டார். பயப்படும் குதிரையை ஜட்காவுக்குப் பழக்குகிற மாதிரி காலைப் பழக்க ஆரம்பித்தார். மல் துணி பழகியதும் கொஞ்சம் கெட்டியான பாப்ளின். பாப்ளின் பழகியதும் பட்டாளத்துக்காரர்கள் கால்சட்டைக்கு வாங்கும் முரட்டு டிரில். டிரில்லை முதல் தடவை தேய்த்த அன்று வாந்தி எடுத்துவிட்டார். இரண்டு நாள் விட்டுவிட்டு மறுபடியும் பாப்ளினிலிருந்து தொடங்கினார். தவசு காலம் முழுக்க மற்றவர்கள் மாமிசத்தை விட்டார்கள், ரெமிஜியஸ் தூக்கத்தையும் நிம்மதியையும் விட்டார்.

தண்ணீர் ஊற்றுவது அல்போன்சாவின் வேலை. முதலில் வெதுவெதுப்பாக, பிறகு ஆறின தண்ணீர், பிறகு பானைத் தண்ணீர். ஊற்றிவிட்டுச் செபத்தைச் சத்தமாகச் சொல்லுவாள், அப்பா முனகுவது அண்டை வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று. எல்லாம் பழகிவரும்போது பிரிஜெட்டுக்குத்தான் அது ஞாபகம் வந்தது. "ஏங்க, சாமியாருக்குத் தாடி இருக்கே" என்றாள். பிரான்ஸ் தேசத்துச் சாமியார், நெஞ்சுவரை தாடி. குனிந்து முத்தி செய்தால் பாதம் முழுக்கத் தாடி படும். ரெமிஜியஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய்த் தன் ஷேவிங் பிரஷ்ஷை எடுத்து வந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு பிரஷ், முகத்துக்கும் பாதத்துக்கும்.

நடையையும் விடவில்லை. கடை விட்டு, வேட்டியைப் பாதம் மறைய இறக்கிக் கட்டிக்கொண்டு பரேடு மைதானம்வரை போய், பட்டாளத்து பேண்டு வாசிக்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, வீட்டுக்கு வந்து காலைத் தூக்கி வைப்பார். வலி போகவில்லை. ஆனால் கால் தொடவிட்டது. வீக்கம்கூடச் சில நாள் கணுக்காலோடு நின்றது. காற்றுக்கு மட்டும் அவர் பழகவில்லை. ஜன்னலைத் திறக்கலாமா என்று அல்போன்சா ஒரு நாள் கேட்டாள். "கோயில்ல சாமியார்தான் வரப்போறாரு, காத்து வரப்போறதில்ல. சாத்து" என்றுவிட்டார்.

பெரிய வியாழக்கிழமை வந்தது. முதலியாரிடம் லீவு சொல்லிவிட்டு, காலையிலிருந்து காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். கிளம்பும்போது பாதம் பார்க்கக்கூடியதாக இருந்தது. பிரிஜெட் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கோயிலில் அவரைப் பத்தாவது ஆளாக உட்காரவைத்தார்கள். பெஞ்சில் காலைத் தொங்கப்போட வேண்டும். எழ முடியாது, நடக்க முடியாது, தூக்கி வைக்கவும் முடியாது. சாமியார் வயதானவர், ஒவ்வொரு ஆளாக முழங்கால் போட்டு, எழுந்து, மறுபடி முழங்கால் போட்டு வருவதற்குள் ரெமிஜியஸின் கண்ணெதிரேயே கால் உப்ப ஆரம்பித்தது. முதலில் சிவந்தது. பிறகு பளபளத்தது. சாமியார் ஏழாவது ஆளிடம் வந்தபோது ரெமிஜியஸின் கணுக்கால் காணாமல் போய்விட்டது. ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தார். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் ஜெசிந்தா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுக் குழுவில் அல்போன்சா பாட்டை விட்டுவிட்டு நின்றாள். வீக்கத்தை ஒன்றும் செய்யமுடியாது, அலறாமலாவது இருப்போம் என்று ரெமிஜியஸ் முடிவு செய்தார்.

தண்ணீர் விழுந்தது. நெருப்பு விழுந்த மாதிரிதான் இருந்தது. ரெமிஜியஸ் பீடத்து மெழுகுவர்த்தி ஒன்றையே பார்த்தார். துண்டு வந்தது. டிரில்தான், டிரில்தான் என்று சொல்லிக்கொண்டார். சாமியார் குனிந்தார், தாடி பாதத்தை மூடியது. ஷேவிங் பிரஷ்தான் என்று நினைத்தார். விரல்கூட அசையவில்லை. முகம் சுளிக்கவில்லை. சாமியார் அடுத்த ஆளிடம் நகர்ந்தபோது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தார். ஜெசிந்தாவின் முகம் செத்துப்போயிருந்தது.

சடங்கு முடிந்து வெளியே வந்ததும், காற்று ஓய்ந்திருந்த வேப்பமரத்தடிச் சுவரில் உட்கார்ந்து காலைத் தூக்கிச் சுவர்மேல் நீட்டிக்கொண்டார். மறைக்க இனி என்ன இருக்கிறது. பிரிஜெட்டும் அல்போன்சாவும் பக்கத்தில் நின்றார்கள். ஜெசிந்தா வந்தாள், பின்னால் பெர்னார்ட். அவள் கோபமாக வரவில்லை. அழுதுவிடுகிறவள் மாதிரி வந்தாள். அதுதான் ரெமிஜியஸுக்குப் பயமாக இருந்தது.

"மன்னிச்சிருங்க. இது நடக்காது" என்றாள். "எங்க அப்பாவுக்கு இருந்த கால்தான் இது. நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப தோல் மரப்பட்டையா தடிச்சு மரத்துப்போன அவரு கால்ல முள்ளு வச்சு குத்தி வெளையாடுவோம், அவருக்குத் தெரியவே தெரியாது. வலி வலின்னு சொன்னீங்களே, எங்க போச்சு அந்த வலி? தண்ணி ஊத்தினாரு, தொடச்சாரு, முத்தி செஞ்சாரு. நீங்க மரம் மாதிரி உக்காந்திருந்தீங்க. உணர்ச்சியே இல்ல அந்தக் கால்ல. நான் ரெண்டு கண்ணால பாத்தேன்."

தவசு காலம் முழுக்கக் காலைக் கெஞ்சி, கொஞ்சி, வதைத்துப் பழக்கியதெல்லாம் ரெமிஜியஸின் தலையிலேயே வந்து விழுந்தது. வலிக்கவில்லை என்று காட்டியதால்தான் சம்பந்தம் போகிறதா?

"வலிச்சுதும்மா" என்றார். "செத்துப் பொழச்சேன்."

"பாத்தா அப்படித் தெரியலியே."

"பழக்கினோம். மல் துணி, பாப்ளின், டிரில்லு... தெனமும் தேச்சோம். தாடிக்கு ஷேவிங் பிரஷ்."

"ஷேவிங் பிரஷ்ஷா?" ஜெசிந்தா நிமிர்ந்தாள். "என்னைப் பாத்தா உங்களுக்குக் கேலியா இருக்கா?"

"நெசந்தான் அத்தை, நான்தான் தண்ணி ஊத்தினேன்" என்றாள் அல்போன்சா. பெர்னார்ட் அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், "அம்மா, கொஞ்சம் கேளேன்" என்றான். பிரிஜெட் நேர்ச்சைக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதில் உண்மையே பொய் மாதிரி கேட்டது. ஜெசிந்தாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. இடுப்பில் செருகியிருந்த பனையோலை விசிறியை உருவி, கோபத்தில் படபடவென்று விசிறிக்கொண்டாள்.

சுவர்மேல் நீட்டியிருந்த கால் அவளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. ரெமிஜியஸ் வெடுக்கென்று காலை இழுத்தார். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவர் சத்தம் என்றே பிரிஜெட்டுக்குத் தெரியவில்லை. வேட்டி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மரத்தைப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. கோயிலுக்குள்ளே அடக்கிவைத்தது அத்தனையும் இப்போதுதான் வெளியே வந்தது.

ஜெசிந்தாவின் கை நின்றது. விசிறியைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். யாரும் தொடவில்லை. கிட்டத்தில்கூட யாரும் வரவில்லை. அவள் மெதுவாக, சோறு ஆற்றுகிற மாதிரி, பாதத்துப் பக்கமாக ஒரே ஒரு தடவை விசிறினாள். பாதத்து விரல்கள் எல்லாம் சுருண்டு உள்ளே போயின. ரெமிஜியஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. காத்துக்கு நான் பழக்கல."

ஜெசிந்தா விசிறியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவளுக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்திருக்கவேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு விசிறியை அல்போன்சாவின் கையில் திணித்தாள்.

"இதை எங்கயாவது கண்ணுக்குத் தெரியாம வை" என்றாள். "இப்படி ஒரு கால வச்சுக்கிட்டு உள்ள அப்படி உக்காந்திருந்தாரா இந்த மனுசன்?" முந்தானையைப் பாதத்தின் மேல் படாமல் தூக்கிப் பிடித்து, காற்று வரும் பக்கமாக மறைத்துக்கொண்டு நின்றாள். "வாங்க சம்பந்தி, காத்து கிளம்பிடுச்சு. உள்ள போய் உக்காந்து பேசுவோம்."

ரெமிஜியஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செருப்பைக் காலால் தேடினார்.

"உக்கார முடியாதும்மா" என்றார். "நடந்துக்கிட்டே பேசலாமா?"

"சரி, நடங்க" என்று ஜெசிந்தா காற்று வந்த பக்கமாக அவரோடு சேர்ந்து நடந்தாள்.